துண்டுக்கு அடியில் சொன்ன எண்

போத்தனூர் ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில், எங்கள் வீட்டிலிருந்து நாலு கடை தள்ளி ஒரு கரும்புச்சாறு வண்டி நிற்கிறது. பதினோரு மணி வெயில் ஏறியதும் வண்டிக்காரர் ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி, மரக்கட்டையால் அடிப்பார். முதல் இரண்டு அடி மொத்தென்று விழும். மூன்றாவதில் உள்ளே ஏதோ விட்டுக்கொடுக்கும். சாக்குக்குள்ளேயே சில்லுச்சில்லாக நொறுங்கும் சத்தம் கேட்கும். காய்கறிப் பையோடு போகிற நான் அங்கேயே நின்றுவிடுவேன். கை தானாக எழுந்து இடது கண்ணின் வெளியோரத்தைத் தொடும்.

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. நான் தொடுவது இன்னொருவருடைய கண்ணை.

நமக்கெல்லாம் அந்தச் சத்தம் பழக்கம்தானே. ஐஸை உடைத்து, கையுறைக்குள் போட்டு முடிச்சிட்டு, இமைத் தையலோடு வெளியே வருகிறவர்களின் கண்மேல் வைக்கிறோம். இருபத்திரண்டு வருடம் வைத்தேன். முதலில் நர்ஸாக. பிறகு கவுன்சிலராக, அதாவது கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை எடுக்க, மேலே மடிந்து விழும் தோலைக் குறைக்க என்று அழகுக்காக வருகிறவர்களிடம், என்ன நடக்கும், எதை எதிர்பார்க்கலாம் என்று முன்னால் சொல்லி, முடிந்தபின் வீட்டுக்கு அனுப்பிவைக்கிற ஆளாக. போன மாதம் போதும் என்று எழுந்துவிட்டேன். ஐம்பத்திமூன்று வயது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத ஒருத்தி அந்த நாற்காலியில் அத்தனை காலம் இருந்ததே எனக்கு ஆச்சரியம்.

இனி அதில் மாறிமாறி உட்காரப் போகிற நீங்கள் மூன்று பேரும் கடைசி நாளில் கேட்டீர்கள். "அக்கா, ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போங்க." கேக் வெட்டுகிற கூச்சலில் சிரித்து மழுப்பிவிட்டேன். ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதை நின்றுகொண்டு சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என் பேச்சைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பதினைந்து நிமிடப் பேச்சு. பயந்து வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு எழுந்து போவார்கள் என்று டாக்டரம்மா எல்லாரிடமும் சொல்வார். அந்தப் பேச்சு பிறந்த கதை தெரியுமா? ஒரு பள்ளித் தலைமையாசிரியை. இமை அறுவை முடிந்து மூன்றாம் நாள் காலை வீட்டில் கண்ணாடி பார்த்திருக்கிறார். இரண்டு கண்ணும் வீங்கி, கன்னம்வரை கத்தரிக்காய் நிறம் இறங்கியிருந்தது. அழுதிருக்கிறார். அழுதால் தையல் எரியும். எரிந்ததால் இன்னும் அழுதிருக்கிறார். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தவர் என் எதிரில் உட்கார்ந்து கேட்டார்: "மூணாம் நாள் இப்படி இருக்கும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அழுதிருக்க மாட்டேனேம்மா?"

நான் சொல்லவில்லை. முதல் நாளைவிட மூன்றாம் நாள் வீக்கம் கூடும் என்பது எங்களுக்கு அவ்வளவு பழகிய சங்கதி. அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். ஊசி குத்தும்போது கண்ணில் தண்ணீர் வரும். உள்ளே நீங்கள் விழித்திருப்பீர்கள், கருகுகிற வாடை வரும், அது உங்கள் தோல்தான், பயப்பட வேண்டாம். முடிந்ததும் களிம்பு தடவுவோம், அதனால் மங்கலாகத் தெரியும். வெண்ணெய் தடவிய கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல. இமை இறுகும், புதுச் செருப்பு போல. வலி இருக்கும். மூன்றாம் நாள் கண்ணாடி பார்க்காதீர்கள், பார்த்தால் என்னைத் திட்டுவீர்கள். ஒரு வாரத்தில் கருநீலம் மஞ்சளாகும். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி ஆறாது, அக்காள் தங்கை மாதிரி ஆறும். தழும்பு சிவந்திருந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளுக்கும். எல்லாம் வரும், எல்லாம் போகும், எதற்கும் பயப்படாதீர்கள்.

எதற்கும் பயப்படாதீர்கள். அந்த வரியில் என் குரல் தானாகக் குழையும். அதைச் சொல்லும்போது எனக்கு என்னையே பிடிக்கும்.

இனி தரகரைப் பற்றி.

பெயர் வேண்டாம். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகு பார்க்கிறவர். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளை வேட்டி சட்டை, தோளில் பச்சைக் கரை போட்ட துண்டு. உட்காரும்போது துண்டை எடுத்து மடியில் வைப்பார், எழும்போது தோளில் போடுவார். அது அவருக்கு இன்னொரு கை மாதிரி. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் நன்றாகத் திரண்ட பை. கூடவே அவர் மனைவி, நல்ல வாய்த்துடுக்கு.

"ஏனுங்க அம்மணி, இதை எடுத்துப்போட முடியுங்களா?" என்று இரண்டு ஆள்காட்டி விரலாலும் கண்ணுக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.

"எடுக்கலாமுங்க. எதுக்காக எடுக்கணும்னு தோணுச்சு?"

"சந்தையில எவன் பார்த்தாலும், 'என்னுங்க தரகரே, நேத்து நெம்ப ஆயிப்போச்சாட்ட இருக்குது'ங்கறான். நான் காப்பிக்குச் சக்கரை போடாத ஆளுங்க. சொன்னா எவன் நம்பறான்? மூஞ்சியில தூக்கம் வழிஞ்சா எவன் மாட்டை நம்பிக் குடுப்பான்?"

அந்தம்மா சிரிப்பை அடக்கவில்லை. "ஊர்ல இருக்கற மாட்டுக்கெல்லாம் பல்லைப் புடிச்சுப் பார்த்து வயசு சொல்றவருங்க இவரு. இப்ப இவருக்கு ஆரோ கண்ணைப் பார்த்து வயசு சொல்லிப்போட்டாங்களாமா. மூணு நாளாச் சோறு எறங்கலீங்க."

"ஏ புள்ளே, சும்மா இரு."

"இந்த வயசுல ஆருக்குக் காட்டறதுக்குன்னு கேட்டனுங்க. மாட்டுக்குங்கறாரு."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு அவர்களை அப்போதே பிடித்துவிட்டது. அழகுக்காக வருகிறவர்களைப் பற்றி வெளியே நிறையப் பேசுவார்கள். நம் நாற்காலியில் கொஞ்ச நாள் உட்காருங்கள், தெரியும். பெரும்பாலோர் அழகாக வேண்டும் என்று வருவதில்லை. உள்ளே இருக்கிற ஆளும் வெளியே தெரிகிற ஆளும் ஒருவராகத் தெரிய வேண்டும் என்று வருகிறார்கள். தூங்கி எழுந்தவருக்குத் தூங்காத முகம். குடிக்காதவருக்குக் குடித்த முகம். அந்தத் தரகருக்கு முகம்தான் தொழில்.

என் பதினைந்து நிமிடத்தையும் அவரிடம் சொன்னேன். முன்னால் சாய்ந்துகொண்டு கேட்டார். வெண்ணெய் தடவிய கண்ணாடிக்குத் தலையாட்டினார். புதுச் செருப்புக்குச் சிரித்தார். ஊரில் கண்புரை ஆபரேஷன் என்று சொல்லிக்கொள்வதாக இருவரும் முடிவு செய்துகொண்டு போனார்கள். ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்து விசாரித்தால் அதுதான் பதில்.

அறுவை நடந்தது ஒரு புதன்கிழமை. மறுநாள் சந்தை. "இந்த வியாழன் மட்டும் போகட்டும்" என்றார் உள்ளே போகும்போது. பத்து மணிக்குள் தொடங்கி மதியத்துக்கு முன்பே முடிந்தது. எல்லாம் ஒழுங்கு. ஒரு மணிக்கு டாக்டரம்மா வந்து இரண்டு கண்ணையும் தனித்தனியாக மூடித் திறந்து பார்த்தார். நன்றாகத் தெரிந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரம் ஐஸ் வைத்திருந்து அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போனார்.

இரண்டரைக்கு அவர்களை அனுப்ப நான் போனேன். வாடகைக் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. டிரைவர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். எனக்கு அடுத்து இன்னொருவர் காத்திருந்தார். இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு என்னைச் சுற்றி என்ன இருந்தது என்று சொல்கிறேன். உங்களைச் சுற்றியும் இதுவேதான் இருக்கும்.

சாய்வுக் கட்டிலில் கண் மூடிப் படுத்திருந்தார். மனைவி பக்கத்தில் ஸ்டூலில். துண்டு இரண்டு பேர் கைமேலும் விரித்துக் கிடந்தது. அடியில் இருவரும் கைகோர்த்திருப்பது தெரிந்தது. எவ்வளவு அழகு என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருடம் ஆகியும் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கையை மறைத்துப் பிடித்துக்கொள்கிற ஒரு ஜோடி. அதை மனசில் குறித்துக்கொண்டேன். குறிக்க வேண்டியதை விட்டுவிட்டேன்.

"வலி எப்படிங்க இருக்குது? ஒன்னுமே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. எத்தனைங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு போட்டுக்கங்க அம்மணி."

அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார். துண்டு லேசாக அசைந்தது.

நான் மூன்று விரல் காட்டினேன். "இது எத்தனைங்க?" "மூணுங்க." இரண்டு கண்ணும் திறந்திருக்கக் கேட்டேன். ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது. எனக்கும் முதல் நாளே சொல்லித்தந்தது. தாளில் வலி இரண்டு, பார்வை சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குனிய வேண்டாம், கனம் தூக்க வேண்டாம், இரண்டு தலையணை வைத்துப் படுங்கள், எதற்கும் பயப்படாதீர்கள். கார் போனது.

இருபத்தைந்து நிமிடம் கழித்து அந்தக் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார் நம் துப்புரவுப் பணியிலிருக்கும் அக்கா. ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். நான் தாளை எடுத்து அடுக்க உள்ளே போனபோது தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா சிரிப்பு?"

"அந்தத் தரகரைத்தானுங்க சிஸ்டர். பொண்டாட்டிகிட்டயே துண்டு போட்டு வெலை பேசறாரு."

"கையைப் பிடிச்சுட்டு இருந்தாங்க அக்கா."

"அய்யோ, உங்களுக்குத் தெரியாதுங்களா? எங்கய்யனும் சந்தைக்குப் போனவருதானுங்க. மாட்டு வெலையை வாயைத் தொறந்து சொல்ல மாட்டாங்க. சுத்தி நாலு பேர் நிப்பானில்லைங்க? கைமேல துண்டைப் போட்டு வெரலைப் புடிப்பாங்க. ஒரு வெரலுன்னா ஒன்னு. கையோட புடிச்சா அஞ்சு. வாயில சும்மா பேசிட்டே இருப்பாங்க, 'ரெண்டுக்கே எவனும் வாங்க மாட்டான்'னு. உள்ளார ஓடறது வேற. துண்டுக்குள்ளார இருக்கறதுதானுங்க நெச வெலை. வாயில சொல்றது பூரா சும்மா."

வாயில் சொல்வது பூராவும் சும்மா.

தாள் என் கையில் இருந்தது. வலி: இரண்டு. அவர் இரண்டு என்று சொல்லவில்லை, இரண்டு போட்டுக்கங்க என்றார். முதல் விலையைக் குறைத்துச் சொல்கிற மனிதரிடம் போய், வாயால் விலை கேட்டிருக்கிறேன். கேட்டதை அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தம்மாதான் எடுத்தார்.

"சொல்லுங்க சிஸ்டர்."

"எங்க போயிட்டிருக்கீங்க?"

"ஒத்தக்கால்மண்டபம் வந்துட்டமுங்க."

"அவரு எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காருங்க. கண்ணை மூடிச் சாஞ்சிருக்காரு. ஒன்னும் சிரமமில்லைங்க."

"அம்மா, ஒன்னு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நான் வலி எத்தனைன்னு கேட்டப்ப துண்டுக்கு அடியில உங்களுக்கு எத்தனை சொன்னாரு?"

பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக் கடந்தது.

"எட்டுங்க."

"இப்ப?"

துணி உரசும் சத்தம். பிறகு அந்தம்மாவின் குரல் சின்னதாகிவிட்டது. "கையோட ரெண்டு தடவை புடிக்கறாருங்க."

ஐந்தும் ஐந்தும் பத்து.

"வலது கண்ணைப் பொத்திட்டு இடது கண்ணால பார்க்கச் சொல்லுங்க. என்ன தெரியுதுன்னு கேளுங்க."

உள்ளே பேச்சு. அவர் ஏதோ முனகினார். "இருட்டாட்ட இருக்குதுங்களாமா. களிம்பு தடவியிருக்கறதுனாலதானுங்களே? நீங்கதான் சொன்னீங்க, வெண்ணெய் தடவுன மாதிரி இருக்கும், பயப்படாதீங்கன்னு."

நான்தான் சொன்னேன். வலி இருக்கும் என்று நான்தான் சொன்னேன், அதனால் வலித்தது சரியாகப் பட்டது. மங்கும் என்று சொன்னேன், மங்கியது சரியாகப் பட்டது. இறுகும் என்று சொன்னேன். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து சேர்ந்து, விழியை முன்னால் தள்ளி, பார்வை நரம்பை நெரித்துக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் புதுச் செருப்பை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நன்றாகத் தைரியம் சொல்லியிருந்தேன்.

இது அபூர்வமாகத்தான் நடக்கும். நடந்தால் நேரம் மிகக் குறைவு. சில மணி நேரம்கூட இல்லை. நரம்பு ஒருமுறை பட்டுப்போனால் அந்தக் கண்ணில் வெளிச்சம் திரும்பாது.

"அம்மா, நான் சொல்றதை டிரைவர்கிட்டச் சொல்லுங்க. வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. இப்பவே. அவரைப் படுக்க விடாதீங்க, நிமிர்ந்து உட்காரட்டும். கண்ணை அமுக்கக் கூடாது. தண்ணிகூடக் குடுக்க வேண்டாம். போனை வைக்காதீங்க."

"ஏனுங்க சிஸ்டர், கண்ணு போயிருமுங்களா?"

நம் வேலையில் மிகக் கஷ்டமான கேள்வி அது. இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. அப்போதே பதினோரு வருடப் பழக்கம்.

"நேரத்துல வந்துட்டா காப்பாத்திரலாமுங்க. அதனால வாங்க."

அறுவை அரங்கத்துக்கு ஓடினேன். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அக்கா என்பார். இன்னும் அடுத்தவருக்கு ஊசி போடவில்லை. அது அன்றைய முதல் அதிர்ஷ்டம்.

"டாக்டர், தரகர் திரும்பி வர்றாரு. இடது கண்ணு. வலி பத்து. பார்வை இருட்டு. நான்தான் அனுப்பினேன். ஒவ்வொரு கண்ணா மூடிப் பார்க்கலை."

கடைசி இரண்டு வாக்கியத்தைச் சேர்த்துச் சொன்னேன். அவற்றை விழுங்கியிருக்கலாம். விழுங்கியிருந்தால், போகும்போது நன்றாகத்தான் தெரிந்தது என்று அவர் நினைத்திருப்பார், எத்தனை நேரமாக நெரிபடுகிறது என்ற கணக்கு தவறியிருக்கும். பிள்ளைகளே, நெருக்கடியில் உங்கள் தப்பும் ஒரு தகவல். அதை உடனே கொடுத்துவிடுங்கள்.

"எப்ப ஆரம்பிச்சிருக்கும்?"

"ரெண்டேகால், ரெண்டரைக்கு."

"வர எவ்வளவு நேரம்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி ஐந்து நிமிடம். "அரங்கத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். வாசலுக்குப் பக்கத்து ரூம்லயே வெச்சுப் பிரிச்சிருவோம். கத்திரி, மரப்பு ஊசி எல்லாம் அங்க எடுத்து வைங்க." நான் நகராமல் நின்றேன். தோளைத் தொட்டார். "அழறதா இருந்தா நாலு மணிக்கு மேல அழுதுக்கலாம் அக்கா. இப்ப கை வேணும்."

எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, காதில் போனோடு வாசலில் நின்றேன். மலுமிச்சம்பட்டி என்றார் அந்தம்மா. சுந்தராபுரம் சிக்னல் என்றார். உக்கடத்தில் வண்டி நகரவில்லை என்றார், டிரைவர் கண்ணாடியை இறக்கி யாரையோ கெஞ்சுவது கேட்டது. "ஆஸ்பத்திரிக்குங்க, சித்த வழி விடுங்க, ஒரு பெரியவருக்குக் கண்ணுங்க." யாரோ "போங்க, போங்க" என்றார்கள். பைக்கில் போன ஒருவர் முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வழி பிடித்துக் கொடுத்தாராம். முகம் தெரியாத அவருக்கு இதோ இங்கே ஒரு கும்பிடு.

மூன்று முப்பத்திரண்டுக்குக் கார் வந்தது. இடது கண் முன்னால் துருத்தி, கல் மாதிரி இறுகி இருந்தது. சக்கர நாற்காலியில் உள்ளே கொண்டுபோனோம். டாக்டரம்மா தையலைப் பிரித்தார், வெளியோரத்தில் சிறியதாக ஒரு வெட்டு வைத்தார். கறுத்த ரத்தம் விடுபட்டு வழிந்தது. தரகர் ஒரு பெருமூச்சு விட்டார். கழுத்தை நெரித்த கயிறு அறுந்தால் விடுகிற மூச்சு அப்படித்தான் இருக்கும்.

வலது கண்ணை நான் என் உள்ளங்கையால் மூடினேன். டாக்டரம்மா அவர் முகத்துக்கு முன் விரல்களை நீட்டினார்.

"எத்தனைங்க?"

"தெரியலீங்க."

"வெளிச்சம் தெரியுதா?"

"ஏதோ வெள்ளையா இருக்குதுங்க."

காத்திருந்தோம். உள்ளங்கைக்குக் கீழே அவர் வலது கண் துடிப்பது எனக்குத் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்துக்கு அவ்வளவு சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். வாழ்நாளெல்லாம் இருட்டில், துணிக்கு அடியில், விரலை எண்ணியே பிழைத்த மனிதர். நல்ல வெளிச்சத்தில் முகத்துக்கு முன்னால் நீட்டிய விரல்களை எண்ண முடியாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி சுவரோரம் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிடம். மறுபடியும் விரல். "தெரியலீங்க. நிழலாட்டம் ஆடுது."

இன்னும் ஐந்து.

"ரெண்டுங்களா?"

டாக்டரம்மா இரண்டு விரல்தான் நீட்டியிருந்தார். விரலை மாற்றினார். "இப்ப?"

"நாலுங்க. கட்டை வெரலை மடக்கியிருக்கறீங்க."

அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்துகொண்டே திட்டினார். "எட்டை ரெண்டுன்னு சொல்லுவீங்களா? என்கிட்டச் சொன்னதை அவங்ககிட்டச் சொன்னா வாய் அவிஞ்சா போயிரும்? மாடா விக்கறீங்க?"

"ஏ புள்ளே, சும்மா இரு" என்றார் தரகர். குரலில் அழுகை இருந்தது.

எனக்கு ஒன்று தோன்றியது. தரையில் விழுந்து கிடந்த துண்டை எடுத்தேன். அந்தம்மாவைப் பார்த்தேன். "போடுங்க சிஸ்டர்" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. தரகரின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டேன்.

"இப்ப வலி எத்தனைங்க?"

அடியில் அவர் கை என் விரல்களைத் தேடியது. மூன்று விரலைப் பிடித்தது. கொஞ்சம் தயங்கி நான்காவதையும் சேர்த்துக்கொண்டது. முரட்டுக் கை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் நிஜ எண் அந்த நான்கு.

பிறகு அரங்கத்தில் கசிவை அடைத்து, இரவு தங்கவைத்து, காலையில் பார்த்தோம். பார்வை முழுதாக வந்துவிட்டது. அவருடைய வியாழக்கிழமைச் சந்தை மட்டும் போயிற்று. எதனால் கசிந்தது என்று கேட்பீர்கள். செருப்பு மாட்டக் குனிந்தாரோ, தும்மலை அடக்கினாரோ. சில நேரம் காரணமே அகப்படாது என்றார் டாக்டரம்மா. அறுவையில் தப்பில்லை. தப்பு என் தாளில் இருந்தது. அதைத் தரகரிடம் நானே போய்ச் சொன்னேன். சொல்லும்போது நாற்காலியில் உட்காரவில்லை.

"உங்களை நான் அனுப்பியிருக்கக் கூடாதுங்க. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைப் பார்த்திருக்கணும். பார்க்கலை. என் தப்புங்க."

கட்டுப் போட்ட முகத்தோடு என் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்டீங்க, நான் கொறைச்சுச் சொன்னேன். ஏமாந்தது வேணா நீங்களா இருக்கலாம் அம்மணி. ஏமாத்துனது நானில்லைங்களா? நாப்பது வருசமா வாயில நெசம் சொன்னா யாவாரம் கெட்டுப்போகும்னே இருந்துட்டேன். ஆஸ்பத்திரியில எடம் மாறுதுன்னு புத்திக்குத் தோணலீங்க." பிறகு, "வீட்டுக்குத் தாட்டி விட்டவங்க திரும்பக் கூப்பிடுவாங்கன்னு நான் நினைக்கவே இல்லைங்க" என்றார்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அது பெரிய விஷயம் இல்லை, பலர் திட்டாமல் இருப்பார்கள். அவர் செய்தது வேறு. மறுநாள் மதியம் டிபன் பாக்ஸோடு என் அறைக்கு வந்தார். "அக்கா, உங்க பேச்சை எனக்குச் சொல்லுங்க, நான் பேஷன்ட்" என்று எதிரில் உட்கார்ந்தார். முழுதும் கேட்டார். "ரொம்ப நல்லா இருக்கு. எனக்குப் பயமே வரலை" என்றார். "எதுக்குப் பயப்படணும்னு மட்டும் தெரியலை."

அதற்குப் பிறகுதான் என் பேச்சில் அந்த இன்னொரு பாதி வந்தது. நீங்கள் கேட்டுக் கேட்டுப் பழகியது அந்தப் பாதியோடு சேர்ந்த பேச்சை. வரக்கூடிய வலி ஐஸ் வைத்தால், மாத்திரை போட்டால் குறையும். ஏறிக்கொண்டே போகிற வலி வரக் கூடாது. ஒரு கண் மட்டும் வலிக்கக் கூடாது, ஒரு கண் மட்டும் பிதுங்கக் கூடாது. களிம்பின் மங்கல் கண்ணைச் சிமிட்டினால் விலகும். சிமிட்டியும் விலகாத இருட்டு வரக் கூடாது. வந்தால் பயப்படுங்கள். நன்றாகப் பயந்து, எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். எங்களைத் தொந்தரவு செய்கிறோமே என்று தயவுசெய்து மரியாதை பார்க்காதீர்கள்.

அந்தக் கடைசி வரி நம் ஊருக்காக. "ஒன்னும் சிரமமில்லைங்க" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். கால்மேல் கல் விழுந்தாலும், கல்லுக்குச் சொந்தக்காரர் மனம் நோகக் கூடாது என்று "பரவாயில்லைங்க" என்போம். அந்த மரியாதைக்குள்தான் நானும் வளர்ந்தேன், அது எனக்குப் பிடிக்கும். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் அதைக் கேட்டால் ஒரு படி கீழே இறங்கித் தேடுங்கள். எல்லாரிடமும் துண்டு இருக்காது. சிலர் படுக்கை விரிப்பைக் கசக்குவார்கள். சிலர் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டு மனைவியைப் பார்ப்பார்கள். கூட வந்தவர் தலை குனிந்தால், குனிந்த தலையைக் கேளுங்கள்.

எனக்கு யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று சில நாள் படுத்தபடியே எண்ணுவேன். கட்டிலைத் துடைத்துக்கொண்டே சிரித்த அக்காவுக்கு. அவர் சிரிக்காமல் துடைத்திருந்தால் இன்றைக்கு இதை எழுத எனக்கு முகம் இருந்திருக்காது. வண்டியைத் திருப்பிய டிரைவருக்கு. எட்டு என்று உண்மை சொல்லிவிட்ட அந்தம்மாவுக்கு. கணவர் துண்டுக்குள் நம்பிச் சொன்னதை வெளியே சொல்வது சந்தை தர்மப்படி எவ்வளவு பெரிய துரோகம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆறு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனைக்கு வந்தார்கள். கண்ணுக்குக் கீழே பை இல்லை. இடது கண்ணின் வெளியோரத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு, அரிசி நீளம்.

"இப்ப சந்தையில என்ன சொல்றாங்க?" என்றேன்.

"'எந்த மாடுங்க முட்டுச்சு'ன்னு கேக்கறானுங்க."

"முட்டற மாட்டை வித்துப்போட்டேன்னு சொல்றாருங்க" என்றார் அந்தம்மா. "ஒரு வார்த்தை நெசம் வருதுங்களா பாருங்க."

டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார், இனி வர வேண்டாம். வாசல்வரை கூடப் போனேன். வெயிலில் கார் நின்றது. அதே டிரைவர், எனக்குக் கை காட்டினார். தரகர் ஏறப்போனவர் நின்று, தோளிலிருந்து துண்டை எடுத்தார். என் கையை நீட்டச் சொல்லி, மேலே விரித்து, அடியில் தன் கையைக் கொடுத்தார்.

"வலி எத்தனைங்க?" என்றேன்.

கை என் கைமேல் சும்மா கிடந்தது. எந்த விரலையும் பிடிக்கவில்லை. சிரித்தார், இரண்டு கண்ணும் ஒரே அளவாகச் சுருங்கின. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சந்தையில பூஜ்யத்துக்கு வெரல் இல்லைங்க அம்மணி. அதனால வாயிலயே சொல்லிப்போடறேன். ஒன்னுமில்லைங்க. நெசமாலுமே ஒன்னுமில்லைங்க. வாரேனுங்க."